பருவத்தை அனுப்பும் தீபம்

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் மாலை, நமக்கு நெடுநாள் பழக்கமான ஒரு குடும்பத்தாரைக் காண்பதற்காக மயிலாப்பூர் சென்றிருந்தோம். வெளியே அடைமழை கொட்டிக்கொண்டிருந்தது. குடையை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு உள்ளே நுழைந்தபோது, கூடத்து மேஜையின்மீது ஒரு கண்ணாடிக் குவளைக்குள் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருக்கக் கண்டோம். மெழுகுவர்த்தி என்றால் நம்மவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது மின்சாரத் தடைதானே? ஆகையால், "எப்போது நின்றது?" என்று அநுதாபத்துடன் விசாரித்தோம். வீட்டார் சிரித்தார்கள். அண்ணாந்து பார்த்தோம். தலைக்கு மேலே மின்சார விளக்கு ஜகஜ்ஜோதியாய்ப் பிரகாசித்துக்கொண்டிருந்தது!

பிறகுதான் விஷயம் விளங்கிற்று. கனடா தேசத்து டொரான்டோ நகரில் படிக்கும் பேத்தி, ஊருக்கு வந்த ஒரு சிநேகிதியிடம் பாட்டிக்கென்று கொடுத்தனுப்பிய வெகுமதி அது. அதன் மேல் "இலையுதிர் காலம்" என்று பெயர் பொறித்திருந்தது. இலவங்கப்பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சர்க்கரைப் பாகு எல்லாம் சேர்ந்து, அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய பணியாரம்போல் அது மணந்தது. அந்தத் தேசத்தில் மேப்பிள் மரங்களின் இலைகள் சிவந்து உதிரும் அக்டோபர் மாதத்தில், இந்தச் சரக்குகளைப் பரங்கிக்காயுடன் சேர்த்துப் பண்டம் செய்வது வழக்கம். ஆகவே அந்த மணமே அவர்களுக்கு அந்தப் பருவத்தின் மணமாகிவிட்டது.

பாட்டியம்மாள் இரண்டு முறை மூச்சை இழுத்துப் பார்த்தார். "வாசனை நன்றாய்த்தான் இருக்கிறது. ஆனால், அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து போய்ப் பார்க்கச் சொல்லுகிறது!" என்றார்.

அந்தச் சமயத்தில் பேத்தியே தொலைபேசியில் கூப்பிட்டாள். "பாட்டி, எங்கள் பருவத்தை உனக்கு அனுப்பிவிட்டேன். நம் ஊர் ஐப்பசி எப்படி மணக்கும்? எனக்கு மறந்தே போய்விடும் போலிருக்கிறது. அதையும் இப்படி ஒரு மெழுகுவர்த்தியில் அடைத்து அனுப்பேன்!" என்றாள்.

பாட்டியம்மாள் பதில் சொல்ல வாயெடுத்தார். பதில் வரவில்லை. எழுபதுக்கு மேற்பட்ட ஐப்பசிகளைக் கண்டவருக்கு அந்தக் கேள்விக்குச் சட்டென்று விடை கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நமக்குந்தான் கிடைக்கவில்லை.

நம் வீட்டு வாசனை நமக்குத் தெரியாது

இதில் வெட்கப்படுவதற்கு ஒன்றும் இல்லை. மூக்கின் இயல்பே அப்படி. ஒரே வாசனை தொடர்ந்து வந்துகொண்டிருந்தால், சில நிமிஷங்களில் மூளை அதைக் கவனிப்பதை விட்டுவிடுகிறது. புதிய வாசனை வந்தால்தான் விழித்துக்கொள்ளுகிறது. அதனால்தான் அடுத்த வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த வீட்டு வாசனை நமக்குத் தெரிகிறது. நம் வீட்டு வாசனையோ, நீண்ட யாத்திரை போய்த் திரும்பிக் கதவைத் திறக்கும் முதல் க்ஷணத்தில் மாத்திரமே தெரிகிறது.

வாசனையை மூக்கு எப்படி அறிகிறது என்பதை ஆராய்ந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் என்னும் இரு அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2004-ஆம் வருஷத்து நோபல் பரிசு கிடைத்தது. மனிதனுடைய மூக்கில் ஏறக்குறைய 400 வகையான வாசனை வாங்கிகள் இருக்கின்றன. எழுத்துக்களைச் சேர்த்துச் சொற்கள் உண்டாக்குவதுபோல், இவற்றின் சேர்க்கைகளைக்கொண்டே எண்ணற்ற மணங்களை நாம் பிரித்தறிகிறோம். மூக்கிலிருந்து செல்லும் செய்தி, மூளையில் ஞாபகத்துக்கும் உணர்ச்சிக்கும் உரிய பகுதிகளுக்கு மிகக் குறுகிய வழியாகப் போய்ச் சேருகிறது. ஒரு பாட்டைக் கேட்டால் பழைய நாள் ஞாபகம் வருகிறது. ஒரு மணத்தை முகர்ந்தாலோ அந்தப் பழைய நாளே வந்து நம் எதிரில் நிற்கிறது.

பேத்தி கேட்டது ஒரு விளையாட்டுப் பொருளை அன்று. வீட்டைப் பிரிந்து கடல் கடந்து வாழும் ஒரு பெண், வீட்டை மறந்துவிடாமல் இருப்பதற்கு ஒரு வழி கேட்டாள்.

மணம் அறிந்து விளக்கேற்றிய மாதர்

பருவத்தின் மணத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் வித்தை நமக்குப் புதியதா? பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் இதே கூதிர்ப் பருவத்தைச் சித்திரித்திருக்கிறார். மழைமேகம் மூடிக் கிடப்பதால் பகல் எது, அந்தி எது என்று நகரத்து மாதர்களுக்குத் தெரியவில்லை. தட்டில் இட்டு வைத்த பிச்சி அரும்புகள் இதழ் விரிந்து மணக்கின்றன. அந்த மணத்தைக்கொண்டு மாலை வந்ததை அறிந்து, இரும்பு விளக்கில் திரி கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகிறார்கள். அவர்களுக்குப் பூவே கடிகாரம்!

அதே பாட்டில், கோடையில் கைவிடாமல் அரைத்த சந்தனமும் அதை அரைக்கும் வட்டக் கல்லும் குளிர் காலத்தில் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. விசிறிகள் மூடித் தொங்குகின்றன. சந்தனத்தின் இடத்தை நெருப்பில் இட்ட அகிற்புகை பிடித்துக்கொள்ளுகிறது. பருவம் மாறினால் வீட்டின் மணமும் மாற வேண்டும் என்பது அன்றே குடும்ப தர்மமாய் இருந்திருக்கிறது.

பின்னாட்களில் கோவிலிலும் மாதா கோவிலிலும் தர்காவிலும், மதம் எதுவானாலும், தூபமும் சாம்பிராணியும் அத்தரும் ஊதுபத்தியும் இந்த வழக்கத்தை விடாமல் காத்து வந்தன. இப்போது வந்திருக்கும் வாசனை மெழுகுவர்த்தி இந்த வரிசையில் கடைக்குட்டி. கடைக்குட்டியை வெறுப்பானேன்? அதற்கு நம் வீட்டுப் பாஷையைக் கற்றுக் கொடுத்தால் போதாதா?

மெழுகு எப்படி மணக்கிறது?

மெழுகுவர்த்தியில் எரிவது திரி என்று பலர் நினைக்கிறார்கள். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் குழந்தைகளுக்காக மெழுகுவர்த்தியைப்பற்றி மைக்கேல் பாரடே நிகழ்த்திய பிரசங்கங்கள் 1861-இல் புத்தகமாக வந்தன. அவற்றில் அவர் ஒரு வேடிக்கையைக் காட்டினார். எரியும் மெழுகுவர்த்தியை மெதுவாக அணைத்தால் திரியிலிருந்து வெண்புகை எழும். அந்தப் புகையின் அருகில் தீயைக் காட்டினால், நெருப்பு புகை வழியே பாய்ந்து சென்று திரியை மறுபடியும் பற்றிக்கொள்ளும். திட மெழுகு உருகித் திரவமாகித் திரியில் ஏறி ஆவியாகிறது. அந்த ஆவிதான் எரிகிறது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

வாசனையின் விஷயம் வேறு. சுடருக்குள் புகுந்த வாசனைத் தைலம் எரிந்து போகிறது. நம் மூக்கை எட்டுவது பெரும்பாலும் சுடரைச் சுற்றி உருகித் தேங்கி நிற்கும் மெழுகுக் குளத்திலிருந்து எழும் மணம்தான். ஆகவே பெரிய சுடரால் பயன் இல்லை. அகன்ற குளம் வேண்டும். புதிய மெழுகுவர்த்தியை முதல் முறை ஏற்றும்போது, மேற்பரப்பு முழுவதும் விளிம்புவரை உருகும் மட்டும் எரிய விட வேண்டும். குவளையின் அகலம் ஓர் அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். பாதியில் அணைத்துவிட்டால் நடுவில் கிணறு தோண்டியதுபோல் பள்ளம் விழும். ஓரத்து மெழுகும் அதிலுள்ள வாசனையும் வீணாகும்.

பழைய நாளில் ஐரோப்பாவில் ஏழைகள் மாட்டுக் கொழுப்பிலும், மாதா கோவில்களும் செல்வர்களும் தேன்மெழுகிலும் வர்த்தி செய்துகொண்டார்கள். பிரெஞ்சு ரஸாயனி செவ்ரல் 1823-இல் வெளியிட்ட கொழுப்பு ஆராய்ச்சியின் பயனாகப் புகையும் நாற்றமும் குறைந்த வர்த்திகள் வந்தன. பிறகு பெட்ரோலியத்திலிருந்து பாரபின் மெழுகு மலிவாகக் கிடைத்தது. இப்போது சோயா மொச்சையின் எண்ணெயிலிருந்தும் மெழுகு செய்கிறார்கள். நம் தேங்காய் எண்ணெய் 24 டிகிரி உஷ்ணத்திலேயே உருகிவிடும். மார்கழியில் மாத்திரம் பாட்டிலில் உறைந்து நம்மைச் சோதிக்கும்! ஆதலால் அதைத் தனியாக வர்த்தி ஆக்க முடியாது. தேன்மெழுகோ 62 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதைத் தேங்காய் எண்ணெயுடன் சேர்த்தால் நம் சீதோஷ்ணத்தைத் தாங்கும்.

ஆறு பருவமும் ஆறு மணமும்

இனி, பேத்தியின் கேள்விக்கு வருவோம். நம் முன்னோர் வருஷத்தை ஆறு பருவமாக வகுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மணம் உண்டு.

சித்திரையும் வைகாசியும் இளவேனில். இது மல்லிகையின் ராஜ்யம். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காலையில் மொட்டாகப் பறித்தது மாலையில் வீட்டுக்குள் மலர்ந்து மணப்பதே அதன் மகிமை. ஆனால் இந்த மணத்தை மெழுகில் அடைப்பது சுலபம் அல்ல. நீராவியில் வடித்தால் மல்லிகையின் நுட்பமான மணம் கெட்டுப் போகும். வேறு திரவங்களில் ஊறவைத்துப் பிரித்தெடுக்க வேண்டும். அதனால் விலை மிக அதிகம். வட இந்தியாவில் எள்ளின் மேல் மல்லிகையைப் பரப்பி, எள் மணத்தை வாங்கிக்கொண்ட பிறகு அதைச் செக்கில் ஆட்டும் முறை உண்டு. கடையில் மலிவாகக் கிடைக்கும் மல்லிகை வர்த்தியில் இருப்பது பெரும்பாலும் ரஸாயன சாலையில் உண்டான மணமே. இளவேனிலில், நாலு முழம் உண்மையான பூ தலையிலும் படத்திலும் இருக்கும்போது மெழுகு மல்லிகை எதற்கு? அதை மல்லிகை கிடைக்காத குளிர் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆனியும் ஆடியும் முதுவேனில். இந்தப் பருவத்துக்கு வெட்டிவேரைப் போன்ற துணை வேறு இல்லை. குடிநீர்ப் பானையில் அதைப் போட்டோம். ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டியைக் கட்டித் தண்ணீர் தெளித்து அனல்காற்றைத் தென்றலாக்கினோம். உலகத்து வாசனை வியாபாரிகள் எல்லோரும் இன்று இதற்கு வழங்கும் பெயர் தமிழ்ச் சொல்லே; பிரெஞ்சுக்காரரும் "வெத்திவேர்" என்றுதான் சொல்லுகிறார்கள். கடலூர்ப் பக்கத்து மணற்பாங்கான நிலங்களில் இதைப் பயிர் செய்கிறார்கள். இதன் தைலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பொருள்கள் கலந்திருப்பதால், இதைப் போலியாகச் செய்வது மிகவும் கடினம். மெதுவாக ஆவியாகும் இயல்பும் இதற்கு உண்டு; கூடச் சேர்ந்த மற்ற வாசனைகளையும் ஓடிவிடாமல் பிடித்து வைக்கும். மெழுகுவர்த்திக்கு ஏற்ற வாசனை ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நாம் இதையே முதலில் சொல்வோம்.

ஆவணியும் புரட்டாசியும் கார். காய்ந்த மண்ணில் முதல் துளி விழுந்ததும் எழுகிறதே, அந்த மணத்தை விரும்பாதவர் யார்? ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளாகிய இசபெல் ஜாய் பேர், ரிச்சர்டு தாமஸ் என்னும் இருவர் 1964-இல் இதற்கு "பெட்ரிகோர்" என்று பெயரிட்டார்கள். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் "ஜியோஸ்மின்" என்னும் பொருள் இதில் முக்கியமானது. லட்சம் கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும்! ஆனால் விஞ்ஞானிகள் பெயர் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே, கங்கைக் கரையிலுள்ள கன்னோஜ் நகரத்தார் இந்த மணத்தைச் சிமிழில் அடைத்துவிட்டார்கள். சுட்ட களிமண்ணைச் செப்புக் கொப்பரையில் இட்டுத் தண்ணீருடன் காய்ச்சி, எழும் ஆவியை மூங்கில் குழாய் வழியாகச் சந்தன எண்ணெயில் இறக்குகிறார்கள். அதற்கு "மிட்டி அத்தர்" என்று பெயர். மிட்டி என்றால் மண். மண் மணக்கும் மெழுகுவர்த்தி வேண்டுவோர் இந்த அத்தரைத்தான் தேட வேண்டும்.

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். இதன் மணத்தைக் கடைசியில் சொல்லுவோம். பாட்டியம்மாளின் தீர்ப்பு அதைப்பற்றியது.

மார்கழியும் தையும் முன்பனி. விடியற்காலைக் குளிரில் ஈரக் கோலம், துளசி, பச்சைக் கற்பூரம் மணக்கும் தீர்த்தம், பொங்கலில் விழும் ஏலக்காய், கட்டுக் கட்டாய் வந்திறங்கும் மஞ்சள் கொத்து ஆகியவையே இதன் மணங்கள். துளசித் தைலமும் ஏலக்காய்த் தைலமும் மெழுகில் நன்றாக இசையும். கற்பூரத்தை மாத்திரம் மெழுகில் போட்டுக் காய்ச்சக் கூடாது. அது குபீரென்று பற்றிக்கொள்ளும். குழந்தைகள் அதைத் தின்றுவிட்டால் விஷமாகும்.

மாசியும் பங்குனியும் பின்பனி. மாம்பூவும் வேப்பம்பூவும் வழியெல்லாம் மணக்கும் காலம். பூக்கடையில் மருக்கொழுந்து மலிவாய்க் கிடைக்கும். மருக்கொழுந்தின் தைலத்தை வெளிநாட்டார் விலைகொடுத்து வாங்கித் தங்கள் சென்ட்டுகளில் சேர்க்கிறார்கள். நாமோ தொடுத்த கதம்பத்தில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறோம்!

சந்தனத்தையும் அகிலையும் பற்றி ஒரு வார்த்தை. இரண்டும் நெடுநல்வாடை காலத்துச் செல்வங்கள். சந்தன மரம் இன்று அருகி வருகிறது. அகில் மரம், தன் உடலில் பட்ட காயத்தில் பூஞ்சணம் பற்றிய பிறகு சுரக்கும் பிசினுக்காகவே வெட்டப்பட்டு, உலகத்தில் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. ஐந்நூறு ரூபாய்க்கு "அசல் அகில்" என்று ஒரு வர்த்தி கிடைத்தால், அது அசல் அல்ல என்று சந்தோஷப்படுவதே நியாயம்.

வீட்டிலேயே வார்ப்பது எப்படி?

இதைப் பெண்மணிகள் மாத்திரம் அல்ல, ஆண்மக்களும் செய்யலாம். குவளையில் வார்ப்பதற்கென்று விற்கும் சோயா மெழுகு 100 கிராம், வெட்டிவேர் போன்ற சுத்தமான தைலம் 6 கிராம், பருத்தித் திரி ஒன்று, சூடு தாங்கும் கண்ணாடிக் குவளை அல்லது பித்தளைக் கிண்ணம் ஒன்று ஆகியவையே தேவை. மெழுகை நேரே அடுப்பில் வைக்கக் கூடாது. கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் மற்றொரு பாத்திரத்தை வைத்து, அதில் உருக்க வேண்டும். உருகிய மெழுகை இறக்கி, சூடு சிறிது தணிந்ததும் தைலத்தைச் சேர்த்து இரண்டு நிமிஷம் மெதுவாகக் கிளற வேண்டும். பிறகு, திரியை நடுவில் நிமிர்த்தி நிறுத்திய குவளையில் வார்க்கலாம். உறைந்த உடனே ஏற்றிப் பார்க்க ஆசை உண்டாகும். அந்த ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். ஒரு வாரம், இரண்டு வாரம் மூடி வைத்தால்தான் வாசனை மெழுகில் நன்றாக ஊறும். ஊறுகாய் போடத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டுமா?

அழகுக்காக உலர்ந்த பூவிதழ்களையும் வேர்த் துண்டுகளையும் மெழுகின் மேல் தூவும் வழக்கம் பரவியிருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். அவை இரண்டாவது திரியாகிப் பற்றிக்கொள்ளும். பொடியாய் இருந்தால் உண்மைத் திரியை அடைத்துவிடும். உருகிய மெழுகு தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடியைப் போட்டு மூட வேண்டும்.

மணம் வேண்டும், மூச்சும் வேண்டும்

அன்று மயிலாப்பூரில் மற்றொன்றையும் கவனித்தோம். மழைக்காக எல்லா ஜன்னல்களும் மூடியிருந்தன. உள்ளறையில் இருந்த வீட்டுப் பெரியவர் இருமிக்கொண்டே இருந்தார்; அவருக்கு இரைப்பு உபத்திரவம் உண்டு. மருமகள் ஒன்றும் பேசாமல் எழுந்து சென்று, காற்று வீசாத பக்கத்து ஜன்னல் ஒன்றைத் திறந்துவிட்டு, மெழுகுவர்த்தியை அணைத்தாள். சிறிது நேரத்தில் இருமல் தணிந்தது.

எரிவது எதுவானாலும் நுண்ணிய புகைத்துகள் உண்டு. சாம்பிராணிக்கும் உண்டு; ஊதுபத்திக்கும் உண்டு. நல்ல மெழுகுவர்த்தியில் குறைவு என்று சொல்லலாமே தவிர, இல்லை என்று சொல்ல முடியாது. "இயற்கை" என்று மேலே எழுதியிருப்பதனால் இந்த உண்மை மாறிவிடாது. பழைய வீடுகளில் முற்றம் இருந்தது. புகை வானத்துக்குப் போயிற்று. அடுக்குமாடி வீட்டில் அது எங்கே போகும்? ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தையும் இருக்கும் அறையில் எதையும் ஏற்றாமல் இருப்பதே உத்தமம். மற்ற இடங்களில் ஒரு ஜன்னலைச் சிறிது திறந்து வைத்து, ஒரு மணி, இரண்டு மணி நேரம் எரிய விட்டால் போதும். அதற்குமேல் எரித்தாலும் நம் மூக்கு அதைக் கவனிக்கப் போவதில்லை என்று முன்பே பார்த்தோம் அல்லவா?

ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் திரியைக் கால் அங்குலமாகக் கத்தரிக்க வேண்டும். நீண்ட திரிதான் கரி கக்கும். மின்விசிறியின் கீழே வைத்தால் சுடர் அலைந்து புகையும். திரைச்சீலை, கொசுவலை, புத்தக அலமாரி ஆகியவற்றின் அருகில் வைக்கலாகாது. ஆளில்லாத அறையில் எரிய விட்டுத் தூங்கப் போகக் கூடாது. முன்பு சில வர்த்திகளில் திரி நிமிர்ந்து நிற்பதற்காக ஈயக் கம்பி வைத்தார்கள். அதனால் கேடு என்று கண்டு, அமெரிக்காவில் 2003-இல் அதைத் தடை செய்தார்கள். பருத்தித் திரியே நமக்குப் போதும்.

அணைக்கும் முறையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மருமகள் வாயால் ஊதியே அணைத்தாள். உடனே கூடம் முழுவதும் கரிந்த நெடி பரவிற்று. பாட்டியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "விளக்கை ஊதி அணைப்பார்களா? ஒரு தட்டால் மூடினால் தானே மலையேறிவிடாதோ?" என்றார். பாட்டியின் சாஸ்திரமும் பாரடேயின் சாஸ்திரமும் இங்கே ஒன்றுதான். ஊதினால் எரியாத மெழுகு ஆவி புகையாக எழுந்து, அதுவரை சேர்ந்த நறுமணத்தையெல்லாம் கெடுத்துவிடும். மூடியால் மூடினால் புகை குவளைக்குள்ளேயே அடங்கும்.

பாட்டியம்மாளின் தீர்ப்பு

அன்று இரவு அந்த வீட்டில் ஒரு சிறு மகாநாடே நடந்தது. ஐப்பசியின் மணம் எது? "பட்டாசு மருந்து" என்றான் சின்னப் பேரன். "தீபாவளி லேகியம்" என்றாள் மருமகள். "மழை நாளில் கலக்கும் காப்பி" என்றார் மகன். நாம் ஈர மண்ணுக்காக வாதாடினோம். பாட்டியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அவள் சின்னவளாய் இருந்தபோது தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினால் தலை காயவே காயாது. வெளியே மழை பெய்துகொண்டிருக்கும். கூடையைக் கவிழ்த்து, அடியில் சாம்பிராணி போட்டு, அவள் கூந்தலை அதன்மேல் விரித்துவிடுவேன். அப்படியே என் மடியில் தூங்கிப் போவாள்."

அதற்குமேல் யாரும் வாதாடவில்லை.

சாம்பிராணி ஒரு மரத்தின் பிசின். பெரும்பாலும் சுமத்ரா தீவிலிருந்து வருவது. அராபியர் இதை "லுபான் ஜாவி" என்றார்கள். அந்தச் சொல்லே சிதைந்து ஐரோப்பாவில் "பென்சாயின்" ஆயிற்று. இப்போது நம் கடைகளில் "கம்ப்யூட்டர் சாம்பிராணி" என்று ஒன்று விற்கிறது. கம்ப்யூட்டருக்கும் அதற்கும் என்ன உறவோ, நாம் அறியோம்! சாம்பிராணியில் இயற்கையாகவே இனிய மணம் உண்டு. அதன் வடிசாறு தைலமாகவும் கிடைக்கிறது. அந்தத் தைலத்தில் நாலு பங்கும், வெட்டிவேர்த் தைலத்தில் இரண்டு பங்கும் கலந்து, மேற்சொன்ன முறைப்படி மருமகள் ஒரு வர்த்தி வார்த்தாள். பேத்தி அனுப்பிய குவளையிலேயே, அதன் மெழுகு தீர்ந்ததும் கழுவித் துடைத்து அதில் வார்த்தாள். இரண்டு வாரம் ஊறிய பிறகு, அதே சிநேகிதி திரும்பிச் செல்லும்போது அது அவளுடன் புறப்பட்டுப் போயிற்று. "இலையுதிர் காலம்" என்ற சீட்டின் மேல் பாட்டியம்மாள் தம் கையால் "ஐப்பசி" என்று எழுதி ஒட்டியிருந்தார்.

தை பிறந்த பிறகு நாம் மறுபடியும் அவர்களைப் பார்த்தோம். பேத்தியிடமிருந்து என்ன பதில் வந்தது என்று விசாரித்தோம்.

"வெளியே பனி கொட்டுகிறதாம். ஒரு நாள் ராத்திரி ஏற்றி வைத்தாளாம். சிறிது நேரம் கழித்துத் தன்னையறியாமல் கையை எடுத்துத் தலையைத் தொட்டுப் பார்த்தாளாம், ஈரமாய் இருக்கிறதா என்று" என்றார் பாட்டியம்மாள்.